பாஸ்கர்வில் மாளிகையைத் தேடி: டார்ட்மூரா, குரோமரா, கிளைரோவா?

ஆர்தர் கானன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் நாவல் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’. அதன் நிஜ இடத்தைப் பார்க்கக் கிளம்பினால், மூன்று இடங்கள் உரிமை கொண்டாடுகின்றன. நான் தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குத்தான் போனேன். மறுபடி வாய்த்தாலும் அங்கேதான் போவேன்.

கிளைரோவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேல்ஸ் எல்லையில் பாஸ்கர்வில் குடும்பத்தார் 1839இல் கட்டிய மாளிகை, பிற்பாடு ஓட்டலானது. பெயர் பொருந்துகிறது. கதையின் நிலம் அங்கே இல்லை.

குரோமரை அப்படித் தள்ளிவிட முடியாது. 1901இல் கானன் டாயிலும் நண்பர் ஃப்ளெட்சர் ராபின்சனும் இந்த நார்ஃபோக் கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோதுதான் பேய்நாய்க் கதை பேச்சில் வந்தது. குரோமர் ஹாலின் கோபுரங்களும் நாவலின் வர்ணனையோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. கட்டடம்தான் முக்கியம் என்பவர்களுக்கு இதுவே சரி. ஆனால் அது தனியார் வீடு, நினைத்தபடி உள்ளே போக முடியாது. நானும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் நேரில் எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எனக்கு விஷயத்தைத் தீர்த்துவைத்தது சேறுதான். கதையில் நாயை ஒளித்துவைப்பது எங்கே? கிரிம்பன் சதுப்புக்கு நடுவே, கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கத்தில். டார்ட்மூரில் பிரின்ஸ்டவுனுக்குத் தென்கிழக்கே ஃபாக்ஸ் டோர் மயர்ஸ் என்ற சதுப்பு இருக்கிறது. அதன் ஓரத்திலேயே வைட்வொர்க்ஸ் என்ற பழைய வெள்ளீயச் சுரங்கத்தின் மிச்சங்கள். சதுப்பும் சுரங்கமும் இப்படி ஒட்டியிருப்பதைக் குரோமரில் எங்கே தேடுவது? டார்ட்மூரில் அடியில் கருங்கல் பாறை என்பதால் மழைநீர் இறங்க வழியில்லை. தேங்கிய நீரின்மேல் பாசி மெத்தையாகப் படர்ந்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பச்சைப் புல்தரை, கால் வைத்தால்தான் தெரியும். கதையில் மட்டக்குதிரை ஒன்று சதுப்பில் அமிழ்ந்துபோகும் அந்தக் காட்சி மிகையே இல்லை என்று அங்கே நின்றபோது பட்டது.

டாயில் அதே 1901இல் பிரின்ஸ்டவுனின் டச்சி ஓட்டலில் தங்கி, ஒரே நாளில் 14 மைல் இந்த மேட்டுநிலத்தில் நடந்ததாக அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கதையில் கைதி தப்பிவரும் சிறை அந்த ஊரில்தான் இருக்கிறது. அப்புறம் கிரிம்ஸ்பவுண்ட். கல்மதிலுக்குள் 24 வெண்கலக் காலக் குடிசைகளின் அடித்தளங்கள். ஹோம்ஸ் ஒளிந்திருந்த கற்குடிசையை மனதில் வைத்து உள்ளே போய் நிற்கலாம், டிக்கெட் எதுவும் கிடையாது.

மாளிகை என்று பார்த்தால் டார்ட்மூருக்குக் கொஞ்சம் குறைதான். பக்ஃபாஸ்ட்லீ பக்கத்து புரூக் மேனரும் தனியார் வீடு. 17ஆம் நூற்றாண்டில் அதன் சொந்தக்காரராக இருந்தவரும் கறுப்பு நாய்க் கதைகளின் நாயகருமான ரிச்சர்ட் கேபலின் கம்பியிட்ட கல்லறை மண்டபத்தை மட்டும் அவ்வூர்ப் பழைய தேவாலயத்தருகே பார்க்கலாம்.

இவையெல்லாம் தள்ளித் தள்ளி இருப்பதால் கார் இல்லாமல் ஒரே நாளில் முடிப்பது சிரமம். குளிர்காலத்தில் நான் போனதில்லை. எந்த மாதமானாலும் மூடுபனி சட்டென்று இறங்கிவிடும், காகித வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். மழை பெய்த மறுநாள் என்றால் சதுப்பில் இறங்காமல் வைட்வொர்க்ஸ் பக்கம் நின்றே பார்த்துவிட்டு வாருங்கள்.