பத்துச் சுற்று போட்டால்தான் வாய் திறக்கும்: கிளாம்ப் மீட்டர், மூன்று வருடம் கழித்து

"கரண்ட் பில் எகிறுது. கிளாம்ப் மீட்டர் ஒண்ணு வாங்கிட்டா எது எவ்வளவு இழுக்குதுன்னு தெரிஞ்சிடுமா?" என்று நண்பர் கேட்டதற்கான பதில் இது. கிளாம்ப் மீட்டர் என்பது ஒயரை வெட்டாமல், அதைத் தன் வாய்க்குள் கவ்வி ஓடும் கரன்ட்டை அளக்கும் கருவி; புரோப் என்கிற இரண்டு அளவுக் கம்பிகளால் வோல்ட்டும் ஓம்ஸும்கூட அளக்கும். மூன்று வருடமாகப் புழங்குவது 400 ஆம்ப்ஸ் வரை அளக்கும் சாதாரண ஏசி (மாறுதிசை மின்சாரம்) மாடல். ட்ரூ ஆர்எம்எஸ், அதாவது கரன்ட் அலை கோணல்மாணலாக இருந்தாலும் சரியாக அளக்கிற வசதி, கிடையாது.

பெரிய லோடில் குறை சொன்னால் பாவம். 2000 வாட் கீசர் ஓடும்போது 222 வோல்ட், 8.4 ஆம்ப்ஸ். பெருக்கினால் 1865 வாட். 'கம்பெனிக்காரன் 135 வாட்டை முழுங்கிட்டான்' என்று சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். 222-ஐ 8.4-ஆல் வகுங்கள்: காயிலின் மின்தடை 26.4 ஓம்ஸ். 230 வோல்டில் 2000 வாட் தர வேண்டிய காயிலின் கணக்கு 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம்ஸ். காயில் சொக்கத்தங்கம், வோல்டேஜ்தான் குறைவு. அது 200-க்கு இறங்கினால் இதே காயில் 1512 வாட்தான் தரும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓம்ஸில் அளந்தாலும் ஏறக்குறைய இதே எண் வரும். முதலில் இரண்டு புரோபையும் ஒட்டி வைத்து வருகிற 0.3, 0.4-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். இதே சோதனையைக் குண்டு பல்பில் செய்து குழம்பாதீர்கள். எரியும்போது சுமார் 880 ஓம்ஸ் இருக்கிற 60 வாட் பல்பின் இழை, ஆறியிருக்கும்போது எழுபதைக்கூடத் தொடாது.

எதிர்பாராத லாபம் வோல்டேஜ் டிராப்பில், அதாவது வழியிலேயே தொலைகிற வோல்டேஜை அளப்பதில், கிடைத்தது. இரண்டு சாக்கெட் உள்ள, 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்ட 16 ஆம்ப்ஸ் குட்டி எக்ஸ்டென்ஷன் ஒன்று வேண்டும். ஒரு சாக்கெட்டில் கீசர், இன்னொன்றில் புரோப். கீசரைப் போட்டதும் அங்கே 7 வோல்ட் இறங்குகிறது, மெயின் போர்டில் 2 வோல்ட்தான் இறங்குகிறது என்றால், மிச்சம் 5 வோல்ட் வீட்டுக்குள்ளேயே போகிறது. 5 ÷ 8.4, கிட்டத்தட்ட 0.6 ஓம்ஸ். சுவருக்குள் ஓடுவது 1.5 ஸ்கொயர் செம்பு ஒயர் என்றால் கிலோமீட்டருக்கு 12.1 ஓம்ஸ்; 15 மீட்டர் தூரம், போக வர 30 மீட்டருக்கு 0.36. பாக்கி 0.24 ஓம்ஸ் ஏதோ ஜாயின்டிலோ, சுவிட்ச் டெர்மினலிலோ, தளர்ந்த சாக்கெட்டிலோ ஒளிந்திருக்கிறது. கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி 0.24-ஆல் பெருக்கினால் சுமார் 17 வாட். எல்லாம் ஒரே இடத்தில் என்றால் சுவருக்குள் சின்ன சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்த மாதிரி. சாக்கெட் பழுப்பேறி நாறுவதற்கு இது போதும். மெயினை ஆஃப் செய்துவிட்டு ஸ்க்ரூக்களை இறுக்கி மறுபடி அளந்தால் வித்தியாசம் எண்ணிலேயே தெரியும்.

இனி எரிச்சல். சின்ன லோடு என்றால் இந்த மீட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. கையேட்டில் துல்லியம் ±2%, கூடவே 8 டிஜிட் (திரையின் கடைசி இலக்கம் எட்டு வரை தப்பலாம்). எல்லோரும் அந்த 2-ஐப் பார்த்து வாங்குகிறோம். கடிப்பது 8 டிஜிட்தான். 0.01 ஆம்ப்ஸ் காட்டும் ரேஞ்சில் அது 0.08 ஆம்ப்ஸ், 230 வோல்டில் 18 வாட். ஃபேன் இழுப்பதோ 0.30 ஆம்ப்ஸ். கால்வாசிக்கு மேல் பிழை! போதாக்குறைக்கு கிளாம்ப் வாயின் விளிம்பில் தூசி இருந்து சரியாக மூடாவிட்டால் இன்னும் குறைத்துக் காட்டும். மூன்று வருடத்தில் இந்தத் துடைக்கும் வேலை பழகிவிட்டது, எரிச்சல் போகவில்லை.

வைத்தியம் உண்டு. எக்ஸ்டென்ஷனின் பேஸ் ஒயரை மட்டும் தனியே பிரித்து, கிளாம்ப் வாய்க்குள் பத்து முறை போய்வரும்படி சுற்றிக்கொள்ள வேண்டும். எண்ண வேண்டியது வாய்க்கு உள்ளே. வெளியே எண்ணினால் ஒன்று தப்பும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து மாட்டிக்கொண்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் வரும். ஃபேனுக்கு இப்போது 3.00 காட்டும், பத்தால் வகுங்கள். அந்த 2%-ஐயும் சேர்த்தால், பிழை சுமார் 20 வாட்டிலிருந்து மூன்று வாட் சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

ஆனால் எல்இடி பல்புக்கு நூறு சுற்று போட்டாலும் விமோசனம் இல்லை. 9 வாட் மலிவு பல்பு 0.08 ஆம்ப்ஸ் இழுத்தால் பெருக்கல் 18 என்கிறது. பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி வருவதில் நிஜ வாட்டின் பங்கு, பாதிதான் என்பதால் வந்த வினை. வீட்டு பில் 9 வாட்டுக்குத்தான் ஏறும். ட்ரூ ஆர்எம்எஸ் இல்லாத மீட்டர் அந்தக் கூர்மையான கரன்ட்டைக் குறைத்தும் காட்டும். இரண்டு தப்பும் சேர்ந்து தற்செயலாகச் சரியான விடை வந்துவிட்டால், அதுதான் பெரிய ஆபத்து.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வாங்க வேண்டாம். வாட்டைச் சொல்கிற மீட்டர் ஏற்கெனவே வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இபி மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று போட்டிருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டு சிமிட்டலுக்கு இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட். 15 நொடி என்றால் 75 வாட் ஃபேன். 1600 என்று போட்டிருந்தால் 2250-ஐ வகுக்க வேண்டும். பவர் ஃபேக்டர் தலைவலியும் இல்லை, பைசா செலவும் இல்லை.

இவ்வளவு திட்டிவிட்டேன். இரவல் மட்டும் கேட்காதீர்கள், தர மாட்டேன்.