சிகாகோவில் அசல் மெக்சிகன் சாப்பாடு: டவுன்டவுனா, 18ஆவது தெருவா, புலாஸ்கி சாலையா?

சிகாகோ வரும் நண்பர்கள் பலர் மெக்சிகன் என்றதும் மஞ்சள் சீஸ் வழியும் நாச்சோஸையும் மொறுமொறு ஓட்டு டாக்கோவையும்தான் (ரொட்டியை மடித்து உள்ளே கறியோ காயோ வைப்பதுதான் டாக்கோ) கேட்கிறார்கள். அது டெக்சாஸ் பக்கம் வளர்ந்த சமையல். மெக்சிகோவில் மாநிலத்துக்கு மாநிலம் அடுப்பு மாறும். அதனால் கடைக்காரரின் சொந்த ஊர் எது என்று பார்த்துத்தான் நான் கடையைத் தேர்ந்தெடுப்பேன்.

என் முதல் ஓட்டு பில்சன் பகுதிக்கு. செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் பெயர் வைத்த பேட்டை, பிறகு மெக்சிகோக்காரர்களின் பேட்டையானது. அங்கே 18ஆவது தெருவில் 1975 முதல் இருக்கிறது கார்னிடாஸ் உருவாபன். உருவாபன் என்பது மிச்சோவகான் மாநிலத்து ஊர். பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவிடுவது அந்த மாநிலத்தின் கைப்பக்குவம். கடையில் பவுண்டு கணக்கில் நிறுத்துத் தருவார்கள். கூடவே டார்ட்டியா என்ற சூடான மெல்லிய ரொட்டி, சல்சா என்ற காரச் சட்னி, மொறுமொறு பன்றித் தோல். விரல் விட்டு எண்ணக்கூடிய அயிட்டங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் பழகிய கை தெரியும். காலையிலேயே போய்விடுங்கள்.

இதற்குச் சரியான போட்டி, புலாஸ்கி சாலையில் உள்ள பிர்ரியேரியா சரகோசா. ஹாலிஸ்கோ மாநில முறையில் ஆட்டுக்கறி. ஆவியில் வேகவைத்து, மிளகாய் விழுது பூசி, மறுபடி சூட்டில் வாட்டி, தக்காளிச் சாற்றோடு தருவார்கள். பன்றி சாப்பிடாதவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் கடை இதுதான். நம் ஆட்டுக்கால் பாயாவில் வளர்ந்த நாக்குக்கு அந்தச் சாறு உடனே பிடித்துப்போகும்.

டவுன்டவுன் பக்கம் ஃப்ரான்டெரா கிரில். 1987இல் ரிக் பேலஸ் தொடங்கியது. அவர் ஓக்லஹோமாக்காரர், அதனால் இது அசலா என்று கேட்பவர்கள் உண்டு. மெக்சிகோவில் வருடக்கணக்கில் சுற்றிக் கற்றவரை அந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒஹாகா மாநிலத்துப் பாணி மோலே போன்ற நுணுக்கமான குழம்புகளை நிதானமாக உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம். விலை மட்டும் 18ஆவது தெருவை விட நன்றாகவே கூடுதல். 26ஆவது தெருவிலும் டாக்கோ கடைகள் வரிசையாக உண்டு. ஒரே கடையில் உட்காராமல் நடந்துகொண்டே சாப்பிட அது தோது.

எந்தக் கடையானாலும் நான் முதலில் பார்ப்பது டார்ட்டியாவை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு அரைத்த மாவென்றால், தட்டு வரும்போதே ஒரு மண்வாசனை வரும், மடித்தாலும் விரிசல் விடாது. கோதுமை டார்ட்டியா போலி என்று நினைத்துவிட வேண்டாம், மெக்சிகோவின் வடக்கே சொனோரா பக்கம் அதுவே வீட்டுச் சாப்பாடு.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மசித்த பீன்ஸைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள், சோற்றில் கோழிச் சாறு சேர்வதும் உண்டு. "யேவா மன்டேகா?" என்று கேட்டால் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் நொபாலெஸ் என்ற சப்பாத்திக்கள்ளி டாக்கோ கேட்டுப் பாருங்கள். வெண்டைக்காய் மாதிரி லேசான வழவழப்பும் புளிப்புமாக, நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.