தேன் கடலை மிட்டாய்: சில வருடம் வீட்டில் செய்து பார்த்த அனுபவம்

கடையில் கடலை மிட்டாய் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு, வீட்டிலேயே தேன் ஊற்றிச் செய்ய ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. "ரெண்டே பொருள், பத்தே நிமிஷம்" என்று இதற்கு ஏகப்பட்ட குறிப்புகள் சுற்றுகின்றன. பத்து நிமிஷத்தில் ஆகிவிடும், பொய்யில்லை. அதற்கப்புறம் டப்பாவுக்குள் அது என்ன பாடுபடுகிறது என்பதை யாரும் எழுதக் காணோம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் மாதிரி மொறுமொறுவென்று உடைய வேண்டுமென்றால் தேனை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த மிட்டாய் நிற்பது வெல்லப் பாகில். வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரை. தேனில் அது சொற்பம். முக்கால்வாசி ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் என்ற வேறு இரண்டு சர்க்கரைகள்தான். இந்த ஃப்ரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்? செய்த அன்று 'டக்'கென்று உடைந்த துண்டு, நாலு தடவை மூடியைத் திறந்து மூடினால் மறுநாளே பல்லில் ஒட்டும். ஜார்ஜியா நாட்டில் புத்தாண்டுக்குத் தேனும் அக்ரூட்டும் சேர்த்து கொசினாக்கி என்று ஒரு மிட்டாய் செய்வார்கள். அவர்களுக்கு அது கடுங்குளிர்காலம். நமக்கு மார்கழியில்கூட அந்தக் கொடுப்பினை கிடையாது.

அளவு: வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 300 கிராம், தேன் 200 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்குப்பொடி. கப் கணக்கு வேண்டாம். ஒரு கப் தேன் 340 கிராம் எடை நிற்கும். அதே கப்பில் கடலை 150 கிராம்தான் பிடிக்கும். தராசு இல்லாமல் செய்தால் ஒரு நாள் கடலை பாகில் மிதக்கும், இன்னொரு நாள் உதிரும்.

தேன் கொதிக்கும்போது பாலைப் போல நுரைத்துப் பொங்கும். அதனால் 200 கிராம் தேனுக்கே அகலமான, அடிகனமான வாணலி வேண்டும். தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. அது போகப் போகப் பெரிய நுரை அடங்கி, சின்னச் சின்னக் குமிழியாக, கெட்டியாக வரும். இந்த இடத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கிண்ணத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், முதலில் விரலில் சூயிங்கம் மாதிரி உருளும். அது 118 டிகிரி செல்சியஸ் வாக்கில். அங்கேயே இறக்கினால் மிட்டாய் கடைசிவரை சவ்வுதான். இன்னும் கொஞ்சம் விட்டு, சொட்டை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். 140ஐத் தாண்டும்போது அது வரும். ஆனால் வெல்லத்தைவிடத் தேன் சீக்கிரம் கருகும். 'டங்' பதத்துக்கும் கசப்புக்கும் நடுவில் அரை நிமிஷம்கூட இருக்காது. தீ சிம்மிலேயே இருக்கட்டும்.

கடலை சூடாக இருக்கும்போதே பாகில் கொட்டுங்கள். ஆறின கடலையைப் போட்டால் பாகு பட்டென்று இறுகி, கரண்டி நகராது. நெய் தடவிய பட்டர் பேப்பரில் கொட்டி, பூரிக்கட்டையால் ஓட்டி, இளஞ்சூட்டிலேயே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும்.

விலை உயர்ந்த தேன் இதற்கு வேண்டியதில்லை. கொம்புத் தேனின் வாசனையெல்லாம் கொதியிலேயே போய்விடும். பெரும்பாலும் அதில் தண்ணீரும் கூடுதல், காய்ச்ச நேரமாகும். எனக்குச் சரிப்பட்டு வந்தது மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எடுக்கும் பெட்டித் தேன். அது சீக்கிரம் உறைந்து சர்க்கரைச் சேறாகும் என்பதால் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அடுப்பில் ஏறினால் மறுபடி கரைந்துவிடும்.

"ஏம்மா, தேனைப் போய் அடுப்புல ஏத்துவாங்களா?" என்று அத்தை இன்னமும் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேனைச் சுட வைக்காதே என்பது பழைய வைத்திய வழக்கம். சூடேறினால் அதிலுள்ள நொதிகள் அழியும் என்பதும் உண்மைதான். "மருந்துக்குத் தனியா வச்சிருக்கேன் அத்தை, இது மிட்டாய்க்கு" என்பேன். ஆகவே 'சர்க்கரை சேர்க்காத ஆரோக்கிய மிட்டாய்' என்று இதை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. தேனும் சர்க்கரைதான். 25 கிராம் துண்டு ஒன்றில் சுமார் 120 கலோரி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சலுகை எதுவும் கிடையாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற கடும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும், காய்ச்சினால் அவை செத்துவிடும் என்று நம்ப முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

பருப்புகளில் பாதாம்தான் கடைசிவரை கடிபடும். முந்திரி நமுத்துப்போகும். அக்ரூட் ருசியில் முதலிடம், ஆனால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். எள் தேனோடு நன்றாக ஒட்டுகிறது. கடலையில் ஒரு பிடி எள் கலந்தால் இடுக்குகள் அடைந்து துண்டு நறுவிசாக வெட்டுப்படும். வேர்க்கடலையில் நிறம் மாறியது, பூஞ்சை வாடை அடிப்பது எதுவாயினும் எறிந்துவிடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், பூஞ்சை நஞ்சு வறுப்பதில் முழுதாகப் போகாது.

வைத்திருப்பதற்கு: ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் ஃப்ரிட்ஜில். எடுத்தவுடன் டப்பாவைத் திறந்தால் மிட்டாயின் மேல் வியர்த்து எல்லாம் பிசுபிசுக்கும். வெளியே வைத்து, குளிர் போன பிறகு திறக்க வேண்டும். வீட்டில் இதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போது ஒரே பெரிய டப்பாவுக்குப் பதில், நாலைந்து துண்டு கொள்ளும் சின்ன டப்பாக்கள்.

யாருக்காவது கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் தனித் தேனில் செய்வதில்லை. 120 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு ஏறும்போது 80 கிராம் தேன் விடுகிறேன். தேன் வாசனை லேசாக நிற்கும், மொறுமொறுப்பு வாரக் கணக்கில் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் தாங்காது. அந்த இரண்டு மாசம் கடை மிட்டாய்தான்.

வாணலியைத் தேய்க்க மெனக்கெட வேண்டாம். வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் ஒட்டினதெல்லாம் தானே கரைந்துவிடும்.