ராக்கி 4: சோவியத் வாழ்க்கையை அறியாத ஒரு படம்

1985-இல் வெளிவந்த 'ராக்கி 4' படத்தைக் குத்துச்சண்டைக் காட்சிகளுக்காக இன்றும் பார்க்கலாம். சோவியத் விளையாட்டு உலகம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் அதை நம்பக் கூடாது. மாஸ்கோவில் நடப்பதாகக் காட்டும் இறுதிச் சண்டை கனடாவின் வான்கூவரில் படமானதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

அமெரிக்க வீரர் ராக்கியாக வரும் சில்வெஸ்டர் ஸ்டாலோன் பனியில் மரக்கட்டை சுமந்து பயிற்சி செய்ய, டால்ஃப் லண்ட்கிரன் நடித்த சோவியத் வீரர் இவான் டிராகோ, உடலெங்கும் ஒயர்கள் பொருத்தப்பட்டு, கணினித் திரைகள் சூழ, ஊசி மருந்தும் ஏற்றிக்கொண்டு தயாராகிறார். சோவியத் பள்ளிகளில் கணினியியல் பாடமானதே அந்த 1985 செப்டம்பரில்தான். கருவிகள் போதாமல் பல பள்ளிகளில் மாணவர்கள் அதைத் தாளில் எழுதியே கற்றார்கள். டிராகோ இராணுவ அதிகாரி என்பது மட்டும் சரியான செய்தி; இராணுவக் கழகமான சிஎஸ்கேஏ தன் வீரர்களுக்குப் பதவிகள் அளித்து வந்தது. ஊக்கமருந்தும் அங்கே இல்லாத ஒன்றல்ல. ஆனால் யாராலும் வெல்ல முடியாத அந்தக் கனரக வீரர் எங்கிருந்து வந்தார்? 1952 முதல் 1988 வரை கலந்துகொண்ட எந்த ஒலிம்பிக்கிலும் குத்துச்சண்டையின் உச்ச எடைப் பிரிவில் சோவியத் ஒன்றியம் தங்கம் வென்றதில்லை. 1980-இல், சொந்த நாட்டின் மாஸ்கோவில்கூட, பியோத்தர் ஸாயெவ் கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனிடம் இறுதிப் போட்டியில் தோற்றார்.

என்னை மிகவும் வருத்துவது பார்வையாளர்களைக் காட்டிய விதம். அமெரிக்கரை வெறுப்போடு வரவேற்று, பிறகு அவர் அடி தாங்குவதைக் கண்டு மனம் மாறும் கூட்டமாக மாஸ்கோ மக்களைப் படம் சித்திரிக்கிறது. ஆனால் 1978-இலேயே முகமது அலி மாஸ்கோ சென்று, சோவியத் தலைவர் பிரெஷ்னெவைச் சந்தித்து, சோவியத் வீரர்களுடன் காட்சிப் போட்டியும் ஆடியிருந்தார். அதற்கும் முன்பு, 1972 செப்டம்பரில், கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர் ஃபில் எஸ்போசிட்டோ அறிமுக நிகழ்ச்சியில் வழுக்கி விழுந்து, சமாளித்துக்கொண்டு அரங்கை நோக்கித் தலைவணங்கியபோது, மாஸ்கோ ரசிகர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். விளையாட்டை ரசிக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

1980 ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியைப் பற்றி 2004-இல் வந்த 'மிராக்கிள்' இதைவிட நேர்மையான படம்தான். ஆயினும் சோவியத் வீரர்கள் அதிலும் பேச்சற்ற முகங்களாகவே வந்து போகிறார்கள். உண்மையான கொடுமை இரு படங்களிலும் இடம்பெறவில்லை. பயிற்சியாளர் விக்டர் திகனோவின் கீழ் சோவியத் ஹாக்கி வீரர்கள் ஆண்டின் பெரும்பகுதியை மனைவி மக்களைப் பிரிந்து பயிற்சி முகாமிலேயே கழித்தார்கள். அதை எதிர்த்து ஹாக்கி வீரர் இகோர் லாரியனோவ் 1988-இல் 'ஒகோனியோக்' இதழில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். கணினிகளையும் ஊசிகளையும் தேடிய திரைக்கதையாசிரியர்களுக்கு, வீட்டுக்குப் போக அனுமதி கேட்டு நின்ற மனிதர்கள் கண்ணில் படவில்லை.

2021-இல் ஸ்டாலோன் 'ராக்கி 4' படத்தை மறுதொகுப்பு செய்து வெளியிட்டார். பலரும் வெறுத்த வீட்டு ரோபோவை அதில் நீக்கிவிட்டார், மாஸ்கோவைத் திருத்தவில்லை. பார்க்க நினைப்பவர்கள் அந்தப் பதிப்பையே தேர்ந்தெடுக்கலாம். சண்டைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். சோவியத் சித்திரிப்புக்கு ஒன்று.