ஐடிஎஃப், ஸ்டெப், டிஎக்ஸ்எஃப்: போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆறு வருடம்

நான் சர்க்யூட் போர்டு வரைகிறவன், அது உட்காரும் பெட்டியை வரைகிறவர் எங்கள் அலுவலகத்து மெக்கானிக்கல் அண்ணன். என்னிடம் போர்டு வரையும் மென்பொருள் கீகேட், அவரிடம் முப்பரிமாணத்தில் பெட்டி வரையும் சாலிட்வொர்க்ஸ். நடுவில் ஓடும் கோப்புகளோடு ஆறு வருடம் மல்லுக்கட்டியாகிவிட்டது.

ஆரம்பத்தில் ஐடிஎஃப். 1992-ல் மென்டர் கிராபிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பழைய கோப்பு வடிவம். ஒரு கோப்பில் போர்டின் ஓரக்கோடு, துளைகள், எந்தப் பாகம் எங்கே என்ற விவரம். இன்னொன்றில் பாகங்களின் வெளிக்கோடும் உயரமும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம், எனக்கு அதில் பிடித்ததே இதுதான். ஓரக்கோட்டில் வரிக்கு நான்கு எண்கள்: முதலில் 0 என்றால் வெளி ஓரம், 1, 2 என்று போனால் உள்ளே வெட்டும் இடங்கள், பிறகு எக்ஸ், ஒய், கடைசியில் கோணம். கோணம் 0 நேர்கோடு, 360 முழு வட்டம். ஆனால் பாகம் எல்லாம் வெளிக்கோட்டை அப்படியே மேலே இழுத்த கட்டைகள். யுஎஸ்பி சாக்கெட்டும் ஒரு செங்கல்தான், அதன் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பெட்டியில் ஓட்டை போடுகிறவருக்குத் தெரியாது.

அதனால் பாகங்களின் முழு முப்பரிமாண வடிவத்தையும் கொண்டுபோகும் ஸ்டெப் கோப்புக்கு மாறினோம். அசல் போர்டைப் பார்ப்பது போலவே இருக்கும், அந்த அழகில்தான் ஏமாந்தேன். 16 மிமீ உயர கெபாசிட்டர் ஒன்றுக்கு ஃபுட்பிரிண்ட்டை (போர்டில் அது உட்காரும் துளைகளின் அமைப்பை) நானே வரைந்தேன், முப்பரிமாண மாடலை இணைக்க மறந்துவிட்டேன். ஏற்றுமதி முடிந்தது, நானும் கவனிக்கவில்லை. அண்ணனுக்குப் போன கோப்பில் கெபாசிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு துளைகள் மட்டும். உள்ளே 14 மிமீ இடம் விட்டு அவர் மூடி வரைந்து, பத்து பெட்டி அச்சடித்து வந்தபிறகு ஒன்றுகூட மூடவில்லை. "தம்பி, மூடியை அமுக்கியா ஸ்குரூ போடுறது?" என்றார். இப்போது மாடல் கிடைக்காத பாகத்துக்கு ஒரு வெறும் கட்டையாவது வைக்காமல் அனுப்புவதில்லை.

எதிர்த்திசையில், அவரிடமிருந்து போர்டின் ஓரக்கோடு டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாக வரும். அலகு தவறி, 100 மிமீ போர்டு அங்குலமாக மாறி 2540 மிமீ என்று கட்டிலைவிட நீளமாக வந்து நின்றதும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும், பரவாயில்லை. கோடுகள் சேரும் இடத்தில் சில மைக்ரான் இடைவெளி விழுந்தால்தான் தலைவலி, எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் மூடியது போலவே இருக்கும், கீகேட்டின் சோதனை மட்டும் ஓரம் மூடவில்லை என்று கத்தும். ஸ்பிளைன் எனும் நெளிவளைவு வேண்டாம், நேர்கோடும் வில்லும் போதும் என்று கேட்டு வாங்க ஆரம்பித்தபிறகு இது குறைந்தது.

அப்புறம் மூலப்புள்ளி. கீகேட்டில் ஒய் கீழ்நோக்கிக் கூடும், அவர் பக்கம் மேல்நோக்கி. இடது கீழ் ஸ்குரூ துளையின் மையம்தான் இரண்டு பேருக்கும் பூஜ்ஜியம் என்று முடிவு செய்தோம், மூலப்புள்ளியை அங்கே வைத்துத்தான் ஏற்றுமதி. புது ஸ்டெப் வரும்போது போர்டின் பழைய முகங்களோடு அவர் போட்ட மேட் (பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் பிணைப்பு) எல்லாம் உடைந்துபோகும் என்பதால் அவரும் போர்டை அந்தப் புள்ளியில் மட்டுமே பொருத்துகிறார். ஆறு வருடத்தில் எங்களுக்கு அதிகம் உதவியது எந்தக் கோப்பு வடிவமும் இல்லை, இந்த ஒரு துளைதான்.

ஸ்டெப்பில் இன்னும் தீராத குறை, என்ன மாறியது என்று அது சொல்லாது. கனெக்டர் 0.5 மிமீ நகர்ந்திருந்தால் முழுப் போர்டையும் மறுபடி தேடவேண்டும். ஐடிஎக்ஸ் என்ற இன்னொரு வடிவம் இதற்காகவே வந்தது: முதலில் முழுப் போர்டு, பிறகு மாற்றங்கள் மட்டும், ஒவ்வொன்றையும் மறுபக்கம் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வருடம் பயன்படுத்தினேன். நன்றாகவே வேலை செய்தது, ஆனால் அவசரத்தில் எல்லோரும் பார்க்காமலே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள், நானும்தான். இப்போது ஸ்டெப்போடு வாட்ஸப்பில் ஒரு வரி போட்டுவிடுகிறேன்: "கனெக்டர் ஜே3 இடப்பக்கம் 0.5, உயரம் மாறவில்லை." பதிலுக்கு அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "கெபாசிட்டர் இருக்கா?"