டி.பி.யு.: நூறு மில்லி பாட்டில் போதும்

கிண்டியில் நான் பொறுப்பு வகிக்கும் கரிம வேதியியல் ஆய்வகத்துக்கு வாங்கிய டி.பி.யு. என்ற வலிமையான கரிமக் காரம் பற்றிய மதிப்புரை இது. முழுப் பெயர் 1,8-டயசாபைசைக்ளோ[5.4.0]அன்டெக்-7-ஈன்; இரட்டை வளையம் கொண்ட ஓர் அமிடின், அதாவது ஒரே கார்பனோடு இரண்டு நைட்ரஜன்கள் இணைந்த சேர்மம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வினை பாதி நடந்துவிடும் என்பதால் யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

வந்தது 98 சதவீதத் தூய்மை, பழுப்புக் கண்ணாடி பாட்டில், இளமஞ்சள் திரவம். அந்த மஞ்சளைப் பார்த்து முதுகலை மாணவர்கள் மிரள்கிறார்கள். நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருப்பது இதன் இயல்பு. பழுப்பேறி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வேலைத் திறத்தில் குறையே இல்லை. புரோட்டானை ஏற்றதும் வரும் நேர்மின்சுமையை இரண்டு நைட்ரஜன்களும் பகிர்ந்துகொள்வதால் இது அவ்வளவு வலிமையான காரம். காரத்தின் வலிமையை அதன் இணை அமிலத்தின் பி.கே.ஏ. எண் காட்டும், எண் கூடினால் வலிமையும் கூடும். அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் இதற்கு அது ஏறத்தாழ 24.3, ஆய்வகங்களில் வழக்கமான காரமான டிரைஎத்திலமீனுக்கு 18.8. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதால், கணக்குப் போட்டால் 3 லட்சம் மடங்கு வித்தியாசம். டிரைஎத்திலமீனை ஊற்றி இரவெல்லாம் காய்ச்சிக் காத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம். புரோமைடிலிருந்து ஆல்கீன் எடுக்க டொலுவீனில் சேர்த்துச் சூடாக்கினால் வெள்ளை உப்பு படியத் தொடங்கும். வினை நடப்பது கண்ணுக்கே தெரியும். கார்பாக்சிலிக் அமிலத்தை மெத்தில் அயோடைடுடன் எஸ்டராக்கவும் நன்றாக உதவுகிறது. ஒரு மில்லிமோலுக்கு 0.15 மில்லிலிட்டர் போதும். முடிந்ததும் அம்மோனியம் குளோரைடு கரைசலில் கழுவினால் நீரோடு போய்விடுகிறது.

பாடப்புத்தகங்கள் இதைக் கருக்கவர் தன்மை இல்லாத காரம், அதாவது புரோட்டானை மட்டும் எடுத்துக்கொண்டு கார்பனைத் தாக்காத காரம் என்று சாதுவாக அறிமுகப்படுத்துகின்றன. முழுக்க நம்ப வேண்டாம். கார்பன்-கார்பன் பிணைப்பை உண்டாக்கும் பேலிஸ்-ஹில்மன் வினையில் கருக்கவர் பொருளாகவே நின்று வேலை செய்வதும் இதுதான்.

சிக்கல் சென்னைக் காற்றில் இருக்கிறது. ஈரம் பட்டால் டி.பி.யு. மெல்ல நீராற்பகுப்பு அடைந்து, வளையம் திறந்து, லாக்டம் என்ற வளைய அமைடாக மாறிவிடும். ஈரத்தோடு கரியமில வாயுவும் சேர்ந்தால் பைகார்பனேட் உப்பு. பாட்டில் கழுத்தில் படியும் வெள்ளைப் பொருக்கு அதனால்தான். இந்தக் குணத்தையே பயனாக்கியவர்களும் உண்டு: டி.பி.யு.வும் ஹெக்சனாலும் கலந்த திரவம் கரியமில வாயுவைச் செலுத்தினால் அயனித் திரவமாகிறது (திரவ நிலையிலேயே இருக்கும் உப்பு), நைட்ரஜனைச் செலுத்தினால் பழையபடி திரும்புகிறது என்று 2005-இல் காட்டினார்கள். அழகான வேதியியல், அது என் அலமாரிக்குள் தானாக நடப்பதைத்தான் ரசிக்க முடியவில்லை. ஐப்பசி மழையில் குளிர்சாதனம் நின்றுபோன ஆய்வகத்தில் ஒவ்வொரு முறை மூடி திறப்பதும் செலவுதான்.

இந்த நிலையில் பாரிமுனைப் பக்கத்து வியாபாரி, “மேடம், அரை லிட்டராக எடுத்துக்கொள்ளுங்கள், மில்லிக்கு விலை பாதி” என்று விடாமல் வற்புறுத்தினார். பாதி விலைதான், பாட்டிலின் கீழ்ப்பாதியில் இருப்பது டி.பி.யு.வாகவே இருக்கும் என்று அவரால் எழுதித் தர முடியுமா? கெட்டுப்போனதை, ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் ஹைட்ரைடு போட்டு வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துச் சீராக்கலாம், 0.6 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 80 முதல் 83 டிகிரியில் வந்துவிடும். ஆனால் நல்ல வெற்றிட பம்பும் ஒரு பிற்பகலும் வேண்டும்.

கண்ணையும் தோலையும் அரிக்கும் பொருள் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட விடுவதில்லை.

பொருளுக்கு ஐந்துக்கு நான்கரை மதிப்பெண். அந்தக் கடைக்கு இரண்டு: ரப்பர் அடைப்பில்லாத வெறும் திருகு மூடி, தயாரித்த தேதி இல்லாத தரச்சான்று, கேட்டால் “எல்லாம் புதுச் சரக்குதான்” என்ற பதில். வாங்குபவர்கள் 100 மில்லியாகவே வாங்குங்கள். தேதியைக் கண்ணால் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.