கேமரா மேசையா, தொடுதகடா? நாலு பேர் சேர்ந்து இசைக்க எது தோது

பெங்களூரு அல்சூர் மாடியறையில் நாலு பேர் ஒரே லேப்டாப்பில் இசையமைத்தால் மௌஸ் ஒருவர் கையில்தான் இருக்கும். மற்ற மூவருக்கும் கை கொடுக்க இரண்டு வழிகள்: மேலே வைத்த கட்டைகளைக் கேமரா படித்து ஒலியாக்கும் மேசை, விரல் பட்டால் ஒலிக்கும் தொடுதகடு.

செலவு
மேசை: பால்நிற அக்ரிலிக், அடியில் கேமரா, 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி, புரொஜெக்டர். கடைசியது பணத்தை விழுங்கும்.
தகடு: தொடுதலை உணரும் எம்பிஆர்121 சில்லு, அதை லேப்டாப்போடு இணைக்கும் அர்டுயினோ லியோனார்டோ போர்டு, செம்பு நாடா. எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் தேடலாம்.

வேகம்
மேசை: நொடிக்கு 30 பிரேம் கேமராவில் படத்துக்குப் படம் 33 மில்லிசெகண்ட். தாளம் பின்தங்கும், 60 பிரேம் வாங்குங்கள்.
தகடு: தாளத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் தட்டிய அழுத்தம் தெரியாது.

சேர்ந்து வாசிப்பது
மேசையின் அழகே இதுதான். பார்சிலோனா பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் பிறந்த ரியாக்டேபிள் என்ற இசைமேசை காட்டிய வழி. ரியாக்டிவிஷன் மென்பொருள் ஒவ்வொரு கட்டையின் எண், இடம், கோணத்தைப் படித்து, 3333 என்ற நெட்வொர்க் போர்ட் வழியே இசை மென்பொருளுக்கு அனுப்பும். நீங்கள் வைத்த கட்டையை எதிரிலிருப்பவர் திருப்பலாம். இசை அங்கேதான் உரையாடலாகிறது.
தகடு: சில்லுக்கு 12 தொடுபுள்ளி. ஒரே இணைப்பில் நான்கு சில்லு, ஆளுக்கொன்று.

கோளாறு
மேசை: ஜன்னல் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, கட்டைகள் மறைந்துபோகும். திரை போட்டு, கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை அணையுங்கள்.
தகடு: வயர் நீண்டால் தொடாமலே ஒலிக்கும். மின்சாரம் கொடுக்கும்போது கை வைக்காதீர்கள், தொடாத நிலைக்கு அது எடுக்கும் அளவு தவறிவிடும். சில்லுக்கு 3.3 வோல்ட்தான், நேரடியாக 5 கொடுத்தால் போச்சு.

தாளக் குழுவுக்குத் தகடு. ஒலியை மெல்லச் செதுக்குபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மேசை.